மெத்தைக்காவுக்கு எந்த ஆபரேஷன்?

கடைக்குள் யார் நுழைந்தாலும் மெத்தைக்கா முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, செருப்பின் குதிகாலை. இடது குதி தேய்ந்திருந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பவர். வலது தேய்ந்திருந்தால் வலப்பக்கம். இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆனவர், மிச்சமிருக்கும் பக்கத்தில் படுப்பவர். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத சாஸ்திரம். "நானாக் கண்டுபிடிச்சது. தப்பாப் போனா சொல்லுங்க சார், வேற செருப்பு போட்டுட்டு வரச் சொல்றேன்" என்பார்.

நான் போனபோதும் குனிந்து பார்த்தார். "சார் குப்புறப் படுக்கற ஆளு" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "முன்பக்கம் தேஞ்சிருக்கு. அதோட மூஞ்சியில தலையணை மடிப்பு இருக்கு." மெத்தை வாங்கும்வரை நான் சார். வாங்கிய மறுநிமிஷம் தம்பி ஆகிவிட்டேன், 'நீங்க' என்பதும் 'நீ' ஆகிவிட்டது. கடைப் பையன்கள் முதல் எதிர்க் கடைக் கண்ணாடிக்காரர் வரை எல்லோருக்கும் அவர் மெத்தைக்கா. மெத்தைக்கடை அக்கா என்பது பல வருஷம் வாயில் அரைபட்டு அப்படி ஆகியிருக்கிறது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்.

நீளமான கடை. இரண்டு வரிசையாகப் பதினொரு மெத்தைகள், கால் வைக்கும் இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் உறை. மூலையில், உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுவதற்காக நெடுக்காக அறுத்து வைத்த ஒரு மெத்தை. நடுவில் அக்கா. சென்ற ஆண்டு இதே நாட்களில் அவர் எடை நூற்றி இருபத்து நான்கு கிலோ. இதை நான் துப்பறிந்து சொல்லவில்லை, அவரே வருகிறவர்களிடம் விளம்பரம்போலச் சொல்வார். "கம்பெனிக்காரன் பத்து வருஷம் கேரண்டி குடுக்கறான். அதுவரைக்கும் நாம காத்துக்கிட்டு இருக்க முடியுமா? இப்பவே பாத்துக்கோங்க" என்று மெத்தையின் விளிம்பில் தொப்பென்று உட்காருவார். ஒரு நிமிஷம் கழித்து எழுந்து பள்ளத்தைக் காட்டுவார். பள்ளம் மெல்ல நிரம்பி மேலே வரும். "என்னையே தாங்கிட்டு எந்திரிச்சிருச்சு பாருங்க. உங்க வீட்டுக்காரர் எல்லாம் இதுக்குப் பூனைக்குட்டி." அந்த வீட்டுக்காரர் வெட்கத்தோடு பணம் கட்டப் போவார்.

வியாபாரத்தில் அவருக்கு இரண்டே விதிகள். ஒன்று, மூன்றாவது மெத்தையைக் காட்டக் கூடாது. "ரெண்டு காட்டினா ஒண்ண எடுப்பான். மூணு காட்டினா 'வீட்டுல கலந்துக்கறோம்'னு போயிடுவான்." இரண்டாவது, வாங்க வருகிறவர் தன் உடம்பைப் பற்றிச் சொல்வதை நம்பக் கூடாது. "முதுகு வலிக்குதான்னா இல்லம்பாங்க. குறட்டையான்னா பக்கத்துல இருக்கறவரக் கை காட்டுவாங்க. மெத்தை எங்கயும் தப்பாப் போறதில்ல தம்பி, இவங்க சொல்ற பொய்தான் தப்பாப் போகுது."

ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. இந்த இரண்டு விதிகளிலும் அக்காவே தலைகுப்புற விழுந்ததுதான் நான் சொல்ல வந்தது.

ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அக்கா வழக்கம்போல ஐந்தாவது மெத்தையில் மல்லாந்து படுத்து, "இதுல பாத்தீங்கன்னா ஸ்பிரிங்கு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம..." என்று ஆரம்பித்தவர், வாக்கியத்தின் நடுவிலேயே தூங்கிப் போனார். அவருக்கு அது புதிதல்ல. பஸ்ஸில் நின்றபடியே தூங்கியிருக்கிறார். குறட்டை கிளம்பியது. கணவர் சிரித்தார். "நல்ல மெத்தைதான் போல." குறட்டை சட்டென்று நின்றது. கணவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார், மனைவி சிரிக்கவில்லை. அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று லீவு. அக்காவின் மார்பையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தோளைப் பிடித்து உலுக்கினார்.

"...தனித்தனியா இருக்கும்" என்று அக்கா கண்ணைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து வாக்கியத்தை முடித்தார்.

"அக்கா, நீங்க மூச்சு விடல" என்றார் நர்ஸ்.

"எப்ப?"

"இப்ப. இருபத்தி மூணு செகண்டு."

"நான் பேசிக்கிட்டுதானே இருந்தேன்?"

அவர்கள் மெத்தை வாங்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சீட்டில் ஆஸ்பத்திரியில் எந்த மாடி, எந்த அறை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கடைக்கு வந்தவர்களிடம் தான் எதையோ வாங்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை என்று அக்கா சொல்வார்.

ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவைக்கு மேல் மூச்சு நிற்கிறது என்றார்கள். சர்க்கரையும் ஏறியிருந்தது. முழங்கால் படம் எடுத்தவர் படத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார். மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மிஷின் கொடுத்தார்கள். அதன் குழாயைப் பார்த்துவிட்டு, "உடம்புதான் யானைன்னு நெனச்சேன், தும்பிக்கையும் குடுத்துட்டாங்க" என்றார் அக்கா. மிஷின் மூச்சைப் பார்த்துக்கொள்ளும், எடையை நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி அறுவை சிகிச்சை டாக்டரிடம் அனுப்பினார்கள்.

இதற்குமேல் நடந்ததையெல்லாம் அக்கா எனக்குக் கடையின் பின்னறையில், உறை பிரிக்காத மெத்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து நடித்தே காட்டியிருக்கிறார். டாக்டர் குரல் வரும்போது மூக்கால் பேசுவார். டாக்டரம்மா ஒல்லி. அவரிடம் அக்கா கேட்ட முதல் கேள்வி: "மேடம், நீங்க எந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்க?"

டாக்டர் படம் வரைந்து விளக்கினார். முதலாவது, பலூன். வாய் வழியாக வயிற்றுக்குள் விட்டுத் தண்ணீர் நிரப்பி, ஆறு மாதம் கழித்து எடுத்துவிடுவது. கத்தி கிடையாது. எடுத்த பிறகு என்னவாகும் என்று கேட்டார் அக்கா. பழையபடி பசிக்கலாம் என்றார் டாக்டர். "அப்ப அது வாடகை வீடு மேடம். காலி பண்ணச் சொன்னதும் நடுத்தெருவுல நிக்கணும். அடுத்தது காட்டுங்க."

அடுத்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல ஒரு குழாயாக விட்டுவிடுவது. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. கடைசியாக பைபாஸ். இரைப்பையின் உச்சியில் முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பையைத் தனியாகப் பிரித்து, சிறுகுடலை வெட்டி மேலே கொண்டுவந்து அதோடு சேர்ப்பது. சாப்பாடு பழைய வயிற்றை எட்டிப் பார்க்காமலே சுற்றிக்கொண்டு போய்விடும்.

"அப்ப பழைய வயிறு?"

"உள்ளேயேதான் இருக்கும்."

"சும்மாவா?"

"சும்மா இல்ல. ஜீரணத்துக்கு வேண்டியதச் சுரந்து கீழ அனுப்பிக்கிட்டு இருக்கும்."

"ஓ. ரிட்டயர் ஆன மாமனார் மாதிரி. வேலைக்குப் போக மாட்டாரு, ஆனா எல்லாத்துலயும் கொஞ்சம் தலையிடுவாரு."

டாக்டர் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். சர்க்கரைக்கு பைபாஸ் நல்லது. ஆனால் ஆயுசு முழுக்க விட்டமின் மாத்திரை போட வேண்டும். இனிப்பைச் சாப்பிட்டால் வேர்த்து, நெஞ்சு படபடத்து, ஆளைச் சாய்த்துவிடும். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்ட நொடியில்தான் அக்காவுக்கு பைபாஸ் மேல் விரோதம் பிறந்தது என்பது என் கணிப்பு. பில் போடும் மேஜையில், வருகிறவர்களின் பிள்ளைகளுக்காக என்று ஒரு மிட்டாய் ஜாடி இருக்கும். பிள்ளைகள் வராத நாளிலும் அது சாயங்காலத்துக்குள் காலியாகும்.

அன்று திரும்பி வந்தவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "மூணு காட்டிட்டாங்க தம்பி." பத்து நிமிஷத்தில் ஊரையே முடிவெடுக்க வைக்கிறவர், அவர்களைப்போலவே 'வீட்டுல கலந்துக்கறோம்' என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

வீட்டில் கலந்துகொள்ள இருப்பது ஒரே ஒருவர். அவர் கணவர். கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர். இருபத்தேழு வருஷமாக, கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்து சீட்டில், தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கின்மேல் வலது காலை வைத்தபடியே வாழ்ந்திருக்கிறார். வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் யாராவது வேகமாகப் பேசினால் அந்தக் கால் தரையை அழுத்தும். பேச்சு மிகக் குறைவு. அக்கா மூன்று ஆபரேஷனையும் விளக்கி முடித்ததும், "மெதுவா முடிவு பண்ணு" என்றாராம். அவ்வளவுதான்.

கடை முதலாளியிடம் கேட்டார். முதலாளி நியாயமான மனிதர், ஆனால் வியாபாரி. "உடம்பு முக்கியம்தான்மா. ஆனா அப்புறம் மெத்தைய யாரு டெஸ்ட் பண்றது?" என்றார்.

ஆகவே ஏற்கெனவே பண்ணிக்கொண்டவர்களையே விசாரிப்பது என்று அக்கா இறங்கினார். ஆஸ்பத்திரியில் விலாசம் வாங்கி, இரண்டு பேரைக் கடைக்கே வரவழைத்துவிட்டார். ஒருவர் ஸ்லீவ் பண்ணிக்கொண்ட நீச்சல்குளக் காவலர். பழைய உடம்போடு குளத்தில் குதித்தால் பாதித் தண்ணீர் வெளியே வரும், இப்போது சத்தமே வருவதில்லை என்று பெருமைப்பட்டார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அப்பப்ப நெஞ்சு மட்டும் எரியும்" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மிட்டாய் சாப்பிடலாமா என்று மட்டும் அக்கா கேட்டார். கொஞ்சம் சாப்பிடலாம், எனக்கு ஒன்றும் ஆவதில்லை என்றார் அவர். அக்காவின் முகம் மலர்ந்தது.

மற்றவர் பைபாஸ் பண்ணிக்கொண்ட அழகு நிலையக்காரி. மூன்று மாதத்தில் முடியெல்லாம் கொட்டிப் போய், வருகிறவர்களுக்குத் தலை அலங்காரம் செய்யத் தான் தொப்பி போட்டுக்கொண்டு நின்றாளாம். "இப்ப திரும்ப மொளச்சிருச்சுக்கா, இழுத்துப் பாருங்க" என்றாள். அக்கா இழுத்துப் பார்த்தார். மிட்டாய் கேள்விக்கு அவள் கண்ணை மூடித் தலையாட்டினாள். "ஒரே ஒரு துண்டு கேக். பாத்ரூம் தரையில அரைமணி நேரம் படுத்துக் கெடந்தேன்." அப்புறம் அவளாகவே ஒன்று சொன்னாள். "எனக்கு முதல்ல ஸ்லீவ்தான் சொன்னாங்க. நெஞ்செரிச்சல் ஜாஸ்தின்னு சொன்னேன், உடனே பைபாஸ்னு மாத்திட்டாங்க."

அக்கா அதைக் காதில் வாங்கி, மடித்து, பத்திரமாக வைத்துக்கொண்டார். அவருக்கு நெஞ்செரிச்சல் எட்டு வருஷமாக உண்டு. இனி இல்லை என்று அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டார்.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன் டாக்டர் மறுபடியும் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டார். கணவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

"நெஞ்செரிச்சல் உண்டா?"

"எனக்கா? சேச்சே."

"புளிச்ச தண்ணி தொண்டைக்கு வருதா?"

"தண்ணியே அதிகம் குடிக்கறதில்ல மேடம்."

"எத்தனை தலையணை வெச்சுப் படுப்பீங்க?"

"ஒண்ணே ஒண்ணு. அதுவும் மெல்லிசு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முழுத் தலையணையை மறைத்தது அக்கா மட்டும்தான். மேஜைக்கு அடியில் டொக்கென்று ஒரு சத்தம். கணவரின் வலது கால் தரையை மிதித்திருந்தது.

"நாலு" என்றார் கணவர்.

டாக்டர் நிமிர்ந்தார்.

"நாலு தலையணை. அதுல ஒண்ணு என்னோடது. பாதித் தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்து நெஞ்சத் தேச்சுக்குவா. பீரோவுல சேலைக்கு அடியில மருந்து பாட்டில் இருக்கு. மாசத்துக்கு மூணு தீந்துடும்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அக்கா கேட்டதில்லையாம். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நாள் குறிக்கறதுக்கு முன்னாடி உள்ள குழாய் விட்டுப் பாத்துடலாம்" என்றார்.

வீடு திரும்பியது டிரைவிங் ஸ்கூல் காரில். கணவர்தான் ஓட்டினார். அக்கா பக்கத்து சீட்டில். அந்தப் பக்கம்தான் அந்த இன்னொரு பிரேக் இருக்கிறது. "எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்டீங்க" என்றார், மிதித்தார். கார் நின்றது. "சேலைய ஏன் தூக்கிப் பாத்தீங்க?" மறுபடி மிதித்தார். சிக்னல் இருந்த மூன்று இடத்திலும், இல்லாத இரண்டு இடத்திலும் கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவர்கள் 'எல்' போர்டைப் பார்த்து, யாரோ பாவம் இப்போதுதான் கற்றுக்கொள்கிறார்கள் என்று பொறுத்துக்கொண்டார்கள்.

ஐந்தாவது தடவை நின்றபோது கணவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார். "வெட்டினத ஒட்ட முடியாதுன்னு அந்தம்மா சொன்னாங்கல்ல. அதான் சொன்னேன். தப்பா வெட்டிட்டா நான் யாருகிட்டப் போய் நிப்பேன்?"

அதற்கப்புறம் வீடு வரைக்கும் பிரேக்கைத் தொடவில்லை என்றார் அக்கா. அதைச் சொல்லும்போது மட்டும் நடிப்பு நின்றுவிட்டது.

குழாய் விட்டுப் பார்த்ததில், உணவுக்குழாயின் அடிப்பகுதி அடுப்பில் வாட்டியதுபோலச் சிவந்து புண்ணாகி இருந்தது. இரைப்பையின் மேல்முனை கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் ஏறியிருந்தது. டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். "இத வெச்சுக்கிட்டு ஸ்லீவ் பண்ணியிருந்தா எரிச்சல் இன்னும் மோசமாகியிருக்கும். ரெண்டே வருஷத்துல திரும்ப வந்து பைபாஸ் பண்ணச் சொல்லிக் கேட்டிருப்பீங்க." அக்கா படத்தை வெகுநேரம் பார்த்தார். பொய் சொன்னதற்கு டாக்டர் திட்டவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"மேடம், இப்ப பேஷண்டாக் கேக்கல, கூடப்பொறந்தவளாக் கேக்கறேன். நீங்களா இருந்தா எது பண்ணிக்குவீங்க?"

"இந்தப் படம் என்னோடதா இருந்தா, பைபாஸ். யோசிக்கவே மாட்டேன்."

"சரி மேடம்" என்றார் அக்கா. "பேக் பண்ணிடுங்க."

முடிவெடுத்தாயிற்று. ஆனாலும் ஒரு வாரமாக ஜாடியின் பக்கமே போகாமல், வருகிறவர்களின் குதிகாலைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். ஆபரேஷனுக்கு முந்தைய அந்த நாட்களில் அவருக்குத் திரவ உணவுதான். பின்னறையில் ஒரு டம்ளர் சூப்பை வைத்துக்கொண்டு, அது ஆறுவதற்கும் மேல் காத்திருந்தார்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், எழுதிடாத" என்றார். (பிறகு எழுதச் சொல்லி அனுமதி தந்தார், 'கொஞ்சம் நல்லா எழுது' என்ற நிபந்தனையோடு.) "எல்லாரும் கத்திக்குப் பயப்படுவாங்க. எனக்குக் கத்தி ஒண்ணும் இல்ல. அதுக்கு முன்னாடி தூங்க வைக்கறாங்க பாரு, அதுதான். இருபத்தி ரெண்டு வருஷமா ஊருக்குத் தூக்கம் வித்துக்கிட்டு இருக்கேன். எனக்குத் தூக்கம்னா என்ன தெரியுமா? திரும்பி வருவனான்னு தெரியாமப் போற எடம். அந்த நர்ஸ் பொண்ணு சொன்னதுலேருந்து, கண்ண மூடும்போதெல்லாம் 'வரேன்'னு அவருகிட்டச் சொல்லிட்டு மூடறேன். 'போறேன்'னு சொல்றதில்ல."

டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். சூப்பைக் குடியுங்கள் என்றேன். "இது சூப்பில்ல, காய்கறி குளிச்ச தண்ணி" என்றார், குடித்தார்.

ஆபரேஷன் நாளன்று மேஜையில் படுத்ததும் கையால் அழுத்திப் பார்த்தாராம். "இது மெத்தையா? பலகைக்கு ரெக்ஸின் சுத்தி வெச்சிருக்கீங்க. எங்க கடைக்கு ஒரு தடவ வாங்க." மயக்க மருந்து டாக்டர் வயதானவர். முகமூடியை வைப்பதற்கு முன் அக்காவின் கண்ணைப் பார்த்து, "நீங்க தூங்குங்கம்மா. நாங்க முழிச்சிருக்கோம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் வீட்டுக்கு ஒரு மெத்தை இலவசமாகக் கொடுக்கலாம் என்று அக்கா முதலாளியிடம் பின்னால் வாதாடிப் பார்த்தார். முதலாளி தலையணை வரைக்கும்தான் இறங்கி வந்தார்.

வெளியே நான் கணவரோடு இருந்தேன். இரண்டரை மணி நேரம் அவர் நாற்காலியில் நேராக உட்கார்ந்து வலது காலைத் தரையில் அழுத்தியபடியே இருந்தார். முடிந்துவிட்டது, நன்றாக இருக்கிறார் என்று நர்ஸ் வந்து சொன்னபோது எழுந்தவர், அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டார். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருந்தது. நான்தான் தேய்த்துவிட்டேன்.

உள்ளே அக்கா கண் விழித்ததும் கேட்டாராம், "எவ்வளவு நேரம்?"

"எது?" என்றார் நர்ஸ்.

"மூச்சு நின்னது."

"ஒரு செகண்டு கூட இல்லம்மா."

பத்து மாதம் ஆகிறது. எண்பத்தாறு கிலோ. எல்லாம் சுகமாக நடந்தது என்று சொன்னால் நானும் மெத்தை வாங்க வருகிறவரைப்போலப் பொய் சொல்கிறவன் ஆவேன். முதல் மாதம் முழுக்க டம்ளரைப் பார்த்தாலே அழுதார். மூன்றாம் மாதம் முடி கொட்டியது. அழகு நிலையக்காரி தன் பழைய தொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். காலையில் மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி, "இதுதான் டிபனு. மேல சாப்பிடறதெல்லாம் சும்மா ஊறுகாய்" என்பார். குழந்தைக் கிண்ணத்தில் சாப்பிடுகிறார், அதிலும் பாதி மிச்சம். சர்க்கரை மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். தும்பிக்கை மிஷினையும் சென்ற மாதம் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

ஒரே ஒரு தடவை ஜாடியில் கை வைத்தார். யாரும் பார்க்கவில்லை என்று நாலு மிட்டாய். கால்மணி நேரத்தில் வேர்த்து ஊற்ற, கடையிலேயே விலை அதிகமான மெத்தையில் போய்ச் சாய்ந்தார். அதே நேரம் உள்ளே வந்த தம்பதி, விற்கிற அம்மாவே பேச்சு மூச்சில்லாமல் சொக்கிப் படுத்திருக்கிற மெத்தை என்றால் சும்மாவா என்று அதையே கேட்டு வாங்கிப் போனார்கள். ஜாடியை அன்றே எதிர்க் கடைக் கண்ணாடிக்காரரிடம் கொடுத்துவிட்டார். இப்போது கண்ணாடிக்காரருக்கு இரண்டு கிலோ ஏறியிருக்கிறது.

மெத்தையில் தொப்பென்று உட்கார்ந்து காட்டும் வேலையை இப்போது முதலாளி செய்கிறார். அக்காதான் ஏற்பாடு. "வாங்க சார், உக்காருங்க, கூச்சப்படாதீங்க" என்று வந்தவர்கள் முன்னாலேயே கூப்பிடுவார். தன் தொப்பைக்கு இப்படி ஒரு வேலை வரும் என்று முதலாளி நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். எடை குறைக்க வேண்டும் என்று நினைப்பவர்களும் கடை தேடி வருகிறார்கள், எந்த ஆபரேஷன் நல்லது என்று கேட்கிறார்கள். அக்கா எதையும் சிபாரிசு செய்வதில்லை. "அது உன் வயிறு சொல்லணும். நீ அங்க போய் உண்மையச் சொல்லு, போதும். இல்லன்னா வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போ."

போன வாரம் ஒரு சாயங்காலம் போயிருந்தேன். கடை சாத்தும் நேரம். அக்கா ஐந்தாவது மெத்தையில் இரண்டு நிமிஷம் என்று சாய்ந்திருந்தார். ஒரே ஒரு தலையணை. கண் மூடியிருந்தது. கூட்டிப்போகக் கணவர் வந்தார். எழுப்பவில்லை. என்னைப் பார்த்து உதட்டின்மேல் விரலை வைத்துவிட்டு, மெத்தையின் ஓரமாகக் குனிந்து, அதே விரலை அக்காவின் மூக்குக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார். அப்படி ஒரு வழக்கம் அவருக்கு இருப்பது எனக்குத் தெரியாது. வைத்த விரலை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார். அவர் முகம் மாறியது. தரையில் வலது கால் அழுந்தியது.

மறுபக்கம் நின்ற எனக்குத்தான் தெரிந்தது. மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கன்னம் உப்பிச் சிவக்க, உதட்டோரம் துடிக்க, அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்துச் சிமிட்டினார்.